திட்டம் எங்கே உடையும் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி கேட்டவர் சாலை, வடிகால், குடிநீர்த் திட்டங்களுக்கு அறிக்கை தயாரிக்கும் குழு ஒன்றில் இருக்கிறார். கடன் தரும் வங்கி, ‘காலநிலை மாற்றத்துக்கான தகவமைப்பைத் திட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்’ என்று எழுதியிருக்கிறது. எந்தக் காலநிலை மாதிரியின் (வருங்கால மழையையும் வெப்பத்தையும் கணிக்கும் கணினிக் கணக்கின்) எண்ணை எடுப்பது, அறிக்கையின் எந்த இடத்தில் அதைச் சேர்ப்பது என்று கேட்கிறார். கேட்ட சொற்கள் இவைதான். இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: வருங்காலம் எப்படி இருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதபோது, ஐம்பது ஆண்டு நிற்கப்போகும் ஒன்றுக்கு எந்தத் துணிவில் இன்று கையெழுத்திடுவது? நான் அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். எந்த மாதிரி என்பதற்கும் வருவேன், ஆனால் பிற்பகுதியில். திட்டமிடும்போதும் அதன் இடம் அதுதான்.

நான் நீரியல் படித்தவன். பல ஆண்டுகளாக, அறிக்கை எழுதுபவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து அவற்றைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். என் மேசைக்கு வரும் அறிக்கைகளில் பெரும்பாலானவற்றில் தகவமைப்பு என்பது தனி அத்தியாயம். உலக வெப்பநிலை ஏறும் வரைபடம் ஒன்று இருக்கும். அந்த வட்டாரத்தில் மழை கூடலாம், குறையவும் செய்யலாம் என்று ஒரு பத்தி இருக்கும். ‘காலநிலையைத் தாங்கும் வகையில் வடிகால் அமைக்கப்படும்’ என்று முடியும். நாற்பது பக்கம் தாண்டி வடிவமைப்பு அத்தியாயத்தைத் திறந்தால், பழைய மழைப் பதிவிலிருந்து எடுத்த அதே எண், அதே குழாய் விட்டம். இரண்டு அத்தியாயங்களை எழுதியவர்களும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆகவே நான் வைத்திருக்கும் சோதனை எளியது. அந்த அத்தியாயத்தை அறிக்கையிலிருந்து கிழித்துவிட்டால், வரைபடத்தில் ஒரு கோடாவது, மதிப்பீட்டில் ஒரு தொகையாவது மாறுமா? மாறாது என்றால் அங்கே தகவமைப்பு எதுவும் நடக்கவில்லை.

இப்படி ஆவதற்குச் சோம்பலைவிடக் காலதாமதமே பெரிய காரணம். வழக்கமான ஓட்டத்தில் காலநிலை பற்றிய ஆய்வு, சுற்றுச்சூழல் ஆய்வோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதற்குள் இடம் தேர்வாகிவிடும், நிலம் எடுக்கத் தொடங்கியிருப்பார்கள், மொத்தச் செலவுக்கு ஒரு எண் மேலிடத்தில் சொல்லப்பட்டிருக்கும். அதன்பிறகு வரும் ஆய்வாளரால் சுவரை அரை மீட்டர் உயர்த்தச் சொல்ல முடியும். மருத்துவமனையை வெள்ளச் சமவெளியிலிருந்து மேட்டுக்கு மாற்றச் சொல்ல முடியாது. இடத் தேர்வு, சாலையின் தடம், எந்த நீராதாரத்தை நம்புவது, பெரிய ஒன்றா சிறிய பலவா என்ற நான்கைந்து முடிவுகளில்தான் ஒரு திட்டத்தின் காலநிலைத் தலைவிதி எழுதப்படுகிறது. அவை நிகழ்வது ஆரம்பக் கூட்டங்களில், பெரும்பாலும் அறிக்கை என்ற ஒன்றே இல்லாத கட்டத்தில். எந்த இடத்தில் சேர்ப்பது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: மாற்று வழிகளை ஒப்பிடும் அந்த முதல் சில பக்கங்களில். அங்கே விட்டுவிட்டால் பிறகு செய்வதெல்லாம் ஒட்டுப்போடுதல்தான்.

சரி, ஆரம்பத்திலேயே இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எதிலிருந்து தொடங்குவது? பலர் உலக மாதிரியிலிருந்து தொடங்கி, வட்டாரத்துக்கு இறக்கி, ஊருக்கு இறக்கி, மழையைக் கணித்து, வெள்ளத்தைக் கணித்து, கடைசியில் குழாய்க்கு வருவார்கள். ஒவ்வொரு படியிலும் ஐயம் பெருகிக்கொண்டே போகும். கீழே வந்து சேரும் எண், ஒன்றுமே சொல்லாத அளவுக்கு அகன்றிருக்கும், அல்லது இல்லாத துல்லியத்தைக் காட்டி ஏமாற்றும். எதிர்த்திசையில் போவது நல்லது. திட்டம் எந்தெந்த நிலையில் வேலை செய்யாமல் நின்றுபோகும் என்று முதலில் எழுதுங்கள். ஆற்றங்கரையில் ஒரு நீரேற்று நிலையம் என்றால், ஆற்றின் மட்டம் உறிஞ்சுகுழாயின் வாய்க்குக் கீழே இறங்கினால் பம்பு காற்றை இழுக்கும். வெள்ளம் மின்பலகை இருக்கும் தளத்தைத் தொட்டால் நிலையம் நிற்கும். நீரின் கலங்கல்தன்மை ஓர் அளவைத் தாண்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மின்சாரம் இத்தனை மணி நேரத்துக்கு மேல் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டி காலியாகும். கழிமுகத்துக்கு அருகில் என்றால், ஆற்றில் வரத்து குறையும் நாட்களில் உவர்நீர் உறிஞ்சுகுழாய் வரை ஏறிவரும். இந்த எல்லைகளை எழுத எந்தக் காலநிலை மாதிரியும் தேவையில்லை. நிலையத்தை இயக்குபவருக்கு இவற்றில் பாதி மனப்பாடமாக இருக்கும். அவரை யாரும் கூட்டத்துக்கு அழைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

எல்லைகள் கையில் வந்தபின், ஒவ்வொன்றிலிருந்தும் இன்றைய நிலை எவ்வளவு விலகி நிற்கிறது என்று பாருங்கள். சில எல்லைகளை ஏற்கெனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தாண்டிக்கொண்டிருப்போம். அதற்குக் காலநிலை மாற்றம் என்ற பெயரே வேண்டாம், அது இன்றைய குறை. சில எல்லைகளைத் தாண்டவேண்டுமானால் எந்த மாதிரியும் சொல்லாத அளவுக்குக் காலநிலை மாறவேண்டியிருக்கும், அவற்றை விட்டுவிடலாம். நடுவில் மிஞ்சுபவை மூன்றோ நான்கோதான். மாதிரிகளிடம் கேட்கவேண்டிய கேள்வி அவற்றுக்கு மட்டுமே. இந்த வரிசையில் போகும்போது இன்னொன்றும் தெரியவரும். எல்லையை நோக்கித் தள்ளுவது எப்போதும் காலநிலைதான் என்பதில்லை. மேல்பகுதியில் புதிய நீரெடுப்பு, மணல் எடுத்ததால் தாழ்ந்த ஆற்றுப்படுகை, நிலத்தடி நீரை உறிஞ்சியதால் அமிழும் தரை ஆகியவை பல இடங்களில் அதை முந்திக்கொள்கின்றன. 2006 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல்மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. ஜகார்த்தாவின் வடபகுதியில் தரை சில இடங்களில் ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. அங்கே கடலை மட்டும் கணக்கில் எடுத்து ஒரு சுவர் கட்டினால் கணக்கின் பெரும்பகுதி விட்டுப்போகும்.

அறிவியலில் எது உறுதி, எது ஐயம் என்பதை வடிவமைப்பாளர் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ‘நிச்சயமின்மை’ என்ற ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. வெப்பநிலை உயர்வது உறுதி. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய ஈரம் சுமார் 7 விழுக்காடு கூடும் என்பது அடிப்படை இயற்பியல், ஆகவே கனமழை இன்னும் கனப்பதும் பெரும்பாலான நிலப்பகுதிகளில் உறுதியாக எதிர்பார்க்கக்கூடியது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை பெய்த ஒருநாள் பெருமழை, உலகம் 2 டிகிரி சூடாகும்போது 1.7 மடங்கும், 4 டிகிரியில் 2.7 மடங்கும் அடிக்கடி பெய்யும். இது உலக நிலப்பரப்பின் சராசரி; உங்கள் ஆற்றுப்படுகைக்கான எண் அல்ல. கடல்மட்டம் உயர்வதும் உறுதி, நூற்றாண்டு கடந்தும் அது தொடரும் என்பதும் உறுதி. எவ்வளவு என்பதில்தான் பரப்பு அகலமாக இருக்கிறது. 2100க்குள், பசுங்குடில் வாயுக்களை மிகக் குறைவாக வெளியிடும் உமிழ்வுப் பாதையில் 0.28 முதல் 0.55 மீட்டர் வரை, மிக உயர்ந்த பாதையில் 0.63 முதல் 1.01 மீட்டர் வரை இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறது அதே மதிப்பீடு. பனித்தகடுகள் எதிர்பாராத விதத்தில் நொறுங்கினால் 2 மீட்டரை நெருங்குவதையும் அது விலக்கவில்லை.

ஐயத்தின் பக்கத்தில் முதலில் வருவது ஆண்டு மொத்த மழை. பல வட்டாரங்களில் கூடுமா குறையுமா என்பதிலேயே மாதிரிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. புயல்களின் எண்ணிக்கை கூடும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. வருபவற்றில் கடுமையானவற்றின் விகிதமும், அவை கொட்டும் மழையும் கூடும் என்பதற்கு ஆதாரம் வலுவானது. பலத்த காற்று, ஆலங்கட்டி, ஒரு மணிநேர மழையின் உள்ளூர்ச் செறிவு ஆகியவற்றில் மாதிரிகளை நம்பி இரண்டாவது தசமப் புள்ளிவரை எழுதுபவரைக் கண்டால் நான் ஒதுங்கிப்போவேன்.

அப்படியானால் பழைய பதிவையே நம்பலாமே என்று சில மூத்த பொறியாளர்கள் சொல்வதுண்டு. அதற்கு அமெரிக்காவின் கொலராடோ ஆறு போதிய பதில். 1922இல் அந்த ஆற்றின் நீரை மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் பங்கிட்டு ஒப்பந்தம் எழுதியபோது கையில் இருந்தவை சில பத்தாண்டுகளின் பதிவுகளே. பிற்காலத்தில் மரவளையங்களை வைத்து நூற்றாண்டுகளின் நீர்வரத்தைக் கணித்தபோது, அந்த ஆண்டுகள் வழக்கத்துக்கு மாறாக ஈரமானவை என்று தெரிந்தது. ஆற்றில் இல்லாத நீரை அன்றே தாளில் பங்கிட்டுவிட்டார்கள். அதன் சண்டை இன்னும் தீரவில்லை. புவி வெப்பமாதல் அதன்மேல் பிறகு வந்து ஏறியது. குறுகிய பதிவு என்பது காலநிலை மாறாத உலகிலும் வழுக்கும் தரைதான்.

‘நூறாண்டு வெள்ளத்துக்கு வடிவமைத்திருக்கிறோம்’ என்ற சொல்லும் இப்படித்தான் ஏமாற்றும். அது எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம். ஐம்பது ஆண்டு நிற்கும் பாலம் தன் வாழ்நாளில் அதை ஒருமுறையாவது சந்திக்க வாய்ப்பு ஏறத்தாழ 39 விழுக்காடு. அந்த வெள்ளம் காலநிலையாலோ, மேல்பகுதியில் காடு அழிந்ததாலோ ஐம்பதாண்டு வெள்ளமாக மாறிவிட்டால் வாய்ப்பு 64 விழுக்காட்டை நெருங்கும். இந்தக் கணக்குக்குக் கணினிகூட வேண்டாம், ஆனால் முடிவெடுக்கும் கூட்டத்தில் இதைப் பலகையில் எழுதிக் காட்டினால் பேச்சின் போக்கே மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி, நான் மிக முக்கியம் என்று கருதும் இடத்துக்கு வருகிறேன்: ஒவ்வொரு உறுப்பின் ஆயுளும், பிறகு மாற்ற முடியுமா என்ற கேள்வியும். ஒரு சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தளத் தார்ப்பூச்சு பத்துப் பதினைந்து ஆண்டில் எப்படியும் புதுப்பிக்கப்படும். 2090இன் வெப்பநிலையைப் பற்றி அதற்குக் கவலை எதற்கு? அடுத்த பூச்சின்போது தாரின் தரத்தை மாற்றிக்கொள்ளலாம். சாலைக்கு அடியில் நீர் கடந்துபோகும் சிறு பாலமான கல்வெர்ட் ஐம்பது ஆண்டுக்கு மேல் இருக்கும். அதை அகலப்படுத்தச் சாலையை வெட்டவேண்டும், போக்குவரத்தைத் திருப்பவேண்டும். அதைத் தொடக்கத்திலேயே ஒரு அளவு பெரிதாகப் போடுவது மலிவு. சாலையின் தடமோ நூறு ஆண்டு, இருநூறு ஆண்டுகூட நிலைத்துவிடும். அதன் இருபுறமும் கடையும் வீடும் பள்ளியும் வந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு யாராலும் அசைக்க முடியாது. ஆகவே நூற்றாண்டு முடிவு வரை பார்க்கவேண்டிய கடமை தடத்துக்கு உண்டு, தாருக்கு இல்லை. ஒரே திட்டத்துக்குள் இருக்கும் எல்லா உறுப்புகளுக்கும் ஒரே காலநிலை எண்ணைப் போடுவது பணத்தை ஓரிடத்தில் வீணாக்கி, இன்னோரிடத்தில் போதாமல் விடும் வேலை. இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, வெவ்வேறு உமிழ்வுப் பாதைகளுக்கு இடையே கடல்மட்டத்தில் வேறுபாடு சிறிதுதான். வெப்பநிலையிலும் அவை விரிந்து பிரிவது பெரும்பாலும் அதன்பிறகே. இருபது, இருபத்தைந்து ஆண்டு ஆயுள் உள்ள உறுப்புக்கு எந்தப் பாதை என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

நீண்ட ஆயுள் உள்ளவற்றுக்கு இரண்டு வழிகள் உண்டு. பிறகு தொடவே முடியாது என்றால் இப்போதே கூடுதலாகக் கட்டிவிடுவது ஒன்று. கனடாவில் பிரின்ஸ் எட்வர்ட் தீவை நிலப்பகுதியோடு இணைக்கும் 12.9 கிலோமீட்டர் நீளமுள்ள கான்ஃபெடரேஷன் பாலம் 1997இல் திறக்கப்பட்டது. கடல்மட்ட உயர்வை எண்ணி அதை ஒரு மீட்டர் அளவுக்கு உயர்த்தி வடிவமைத்தார்கள். அடியில் கப்பல் போகவேண்டும், பாலத்தைப் பிறகு தூக்க வழியில்லை. மற்றது, இன்று அளவாகக் கட்டி, நாளைக்கு உயர்த்த இடம் விட்டுவைப்பது. லண்டனைக் கடலிலிருந்து காக்கும் தேம்ஸ் கழிமுகத் திட்டம் 2012இல் இந்த முறையில் எழுதப்பட்டது. நூற்றாண்டு முடிவு வரைக்கும் ஒரே விடையைச் சொல்லாமல், கடல்மட்டம் முதலான பத்து குறிகாட்டிகளைக் கண்காணித்து, அவை குறித்த அளவைத் தொடும்போது அடுத்த பாதைக்கு மாறுவது என்று வகுத்தார்கள். பத்தாண்டு கழித்து மீளாய்வு செய்தபோது, தேம்ஸ் ஆற்றின் குறுக்கே உள்ள வெள்ளத் தடுப்பு வாயிலுக்கு மேற்புறமுள்ள கரைகளை உயர்த்தவேண்டிய காலக்கெடு 2065இலிருந்து 2050க்கு முன்னே வந்தது. திட்டம் தவறிவிட்டது என்று அதைப் படிக்கக்கூடாது. அப்படி மாறுவதற்காகவே அது எழுதப்பட்டது. ஆனால் இந்த வழிக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கும் நிறுவனமும், அதற்கு ஒதுக்கிய நிதியும், கரைக்குப் பின்னால் ஆக்கிரமிக்கப்படாமல் காக்கப்பட்ட நிலமும் வேண்டும். இவை இருக்காது என்று உங்கள் அனுபவம் சொன்னால், ‘பிறகு உயர்த்திக்கொள்ளலாம்’ என்று எழுதாதீர்கள்.

வடிவமைப்பு எல்லையைத் தாண்டிய வெள்ளம் ஒருநாள் வரத்தான் போகிறது. அன்றைக்குத் திட்டம் எப்படி உடைய வேண்டும் என்பதையும் வடிவமைக்க வேண்டும் என்று சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். வெள்ளச் சமவெளியின் குறுக்கே போதிய நீர்வழி விடாமல் உயரமாகப் போட்ட சாலைக்கரை, ஓர் அணையைப்போல் நீரைத் தேக்கும். மேற்புறத்து ஊரை மூழ்கடித்து, பிறகு ஏதோ ஓரிடத்தில் அறுத்துக்கொண்டு போகும். அங்கே தாழ்வான தரைப்பாலம் ஒன்றைக் கான்கிரீட்டில் போட்டு, ஆண்டுக்குச் சில மணி நேரம் அதன்மேல் தண்ணீர் ஓட விட்டால், சாலை மறுநாளே திறக்கும். 2011 ஜூலை 2ஆம் தேதி கோபன்ஹேகனில் சில மணி நேரத்தில் 150 மில்லிமீட்டரை ஒட்டிப் பெருமழை கொட்டியது. அந்த மழையை முழுதும் விழுங்கும் அளவுக்கு நிலத்தடிக் குழாய்களைப் பெருக்குவது கட்டுப்படியாகாது என்று கண்டு, 2012இல் வேறு வழியை வகுத்தார்கள். குறிப்பிட்ட தெருக்களே நீரைக் கடத்தும், பூங்காக்கள் சில மணி நேரம் தேக்கி வைக்கும், மிஞ்சியது துறைமுகத்துக்கு ஓடும். குழாய் நிரம்பியபின் நீர் எங்கே போகும் என்ற கேள்வியை வரைபடத்திலேயே எழுதிவிட்டார்கள். உங்கள் வடிகால் திட்டத்திலும் அந்த ஒரு வரைபடத்தைச் சேர்க்கச் சொல்வேன்.

தகவமைப்பு என்ற பெயரில் கேடு விளைவதும் உண்டு. வங்காளதேசத்தின் கடலோரத்தில் 1960களிலிருந்து கரைகள் எழுப்பி, உவர்நீர் ஏறாத வளாகங்களாக நிலத்தைப் பிரித்தார்கள். நெல் விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் ஓதத்தோடு (கடலின் ஏற்றவற்றத்தோடு) வந்து வயலில் படிந்த வண்டல், கரைக்கு வெளியே ஆற்றிலேயே தங்கியது. ஆற்றுப்படுகை மேடானது, உள்ளே நிலம் தாழ்ந்தது, மழைநீர் வெளியேற வழியின்றித் தேங்கியது. 2009இல் ஐலா புயல் கரைகளை உடைத்தபோது சில வளாகங்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓத நீருக்குள்ளேயே கிடந்தன. அதே நாட்டில்தான் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டும் இருக்கிறது. 1970 போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 1991 புயலில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தை ஒட்டி. 2007 சிதர் புயலில் மூவாயிரத்துக்குச் சற்று மேல். புயல்கள் ஒன்றுபோல் இல்லை என்பதால் இந்தச் சரிவு முழுவதையும் ஒரே காரணத்தில் ஏற்ற முடியாது. முன்னெச்சரிக்கையும், வீடுவீடாகச் சென்று சொல்லும் தொண்டர்களும், தூண்கள்மேல் நிற்கும் புகலிடங்களும் சேர்ந்து செய்தவை இதில் பெரும்பங்கு. அந்தப் புகலிடங்களில் பல, ஆண்டின் மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்கள். பள்ளி எப்படியும் கட்டவேண்டியிருந்தது. அதைப் புயலைத் தாங்கும் உயரத்தில் கட்டினார்கள். தினமும் புழங்கும் கட்டடம் என்பதால் பூட்டித் துருப்பிடிக்கவில்லை. பெண்களுக்குத் தனி அறை, கால்நடைக்கு மேடை என்று பிற்காலத்தில் சேர்த்தவை, அவை இல்லாததால் மக்கள் வர மறுத்த அனுபவத்திலிருந்து வந்தவை. 1991இல் பெண்களின் இறப்பு ஆண்களைவிட மிக அதிகம். புகலிடம் எத்தனை என்று மட்டும் எண்ணும் அறிக்கைக்கு இது புலப்படாது.

பொருளாதாரக் கணக்கில்தான் பல நல்ல யோசனைகள் சாகின்றன. நாற்பது ஆண்டு கழித்துத் தவிர்க்கப்படும் 100 ரூபாய் சேதத்தின் இன்றைய மதிப்பு, தள்ளுபடி விகிதம் (வருங்காலப் பணத்தை ஆண்டுதோறும் குறைத்து இன்றைய மதிப்பாக்கும் விகிதம்) 10 விழுக்காடு என்றால் 2 ரூபாய் சொச்சம். 4 விழுக்காடு என்றால் 21 ரூபாயை நெருங்கும். காலநிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே விகிதத் தேர்வு முடிவை எழுதிவிடுகிறது. பெரும்பாலும் அந்த விகிதம் உங்கள் கையில் இருக்காது. அப்படி இருக்கும்போது நான் கணக்கைத் திருப்பிப் போடச் சொல்வேன். கூடுதல் பாதுகாப்புக்கு 3 கோடி. அது இல்லாமல் பெருவெள்ளம் வந்தால் இன்றைய மதிப்பில் 40 கோடி சேதம். அந்த வெள்ளம் திட்டத்தின் ஆயுளுக்குள் வர 7.5 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே செலவு தேறிவிடும். வாய்ப்பு எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது, 7.5 விழுக்காட்டைவிட அதிகமா குறைவா என்று கேட்டால் அனுபவமுள்ள நீரியலாளர் பதில் சொல்லிவிடுவார். 2019இல் உலக வங்கி வெளியிட்ட ஓர் ஆய்வு, வளரும் நாடுகளில் உள்கட்டமைப்பைத் தாங்குதிறனோடு கட்டச் சராசரியாக 3 விழுக்காடு அளவே கூடுதல் செலவாகும், ஒவ்வொரு டாலருக்கும் 4 டாலர் பயன் திரும்பும் என்றது. அமைச்சரிடம் பேச அது நல்ல எண். உங்கள் பாலத்தின் மதிப்பீட்டில் அதைப் போடாதீர்கள்; சராசரிக்குள் செலவே தேறாதவையும் பத்து மடங்கு தேறியவையும் கலந்திருக்கும்.

எல்லாம் சரியாகத் திட்டமிட்டபின் ஒப்பந்தப்புள்ளியில் கரைந்துபோவதையும் சொல்லவேண்டும். ‘காலநிலையைத் தாங்கும் தரத்தில் அமைக்க வேண்டும்’ என்ற வாசகம் குறைந்த விலை கேட்டவருக்கு எதையும் கட்டாயப்படுத்தாது. மின்பலகைத் தளத்தின் மட்டம், கல்வெர்ட்டின் உள்ளகலம், வெளியேறும் வாயில் கல்பதிப்பின் நீளம் என்று அளவுப் பட்டியலில் தனித்தனி உருப்படியாக, அளவோடும் அலகோடும் எழுதுங்கள். செலவைக் குறைக்கும் கூட்டத்தில் முதலில் வெட்டப்படுபவை இவைதான். வெட்டுபவர் எதை வெட்டுகிறோம் என்று அறிந்து கையெழுத்திடட்டும். பராமரிப்பு நிதி பற்றி நீட்டி எழுதினால் கோபம் வரும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மழைக்கு முன் தூர்வாராத வடிகால், காலநிலை மாற்றத்துக்காக எவ்வளவு கூட்டி அகலப்படுத்தியிருந்தாலும் பழைய குறுகிய வடிகால்தான்.

எந்த மாதிரி என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ஒரே மாதிரியை எடுக்காதீர்கள். உலக மாதிரிகளின் புதிய தொகுப்பில் சில, மற்ற சான்றுகள் காட்டுவதைவிட அதிகமாகச் சூடாகின்றன என்பது தெரிந்த சிக்கல். தற்செயலாக அவற்றில் ஒன்று உங்களுக்கு அமைந்துவிடக்கூடும். பல மாதிரிகளின் பரப்பை எடுத்து, அதன் நடுவில் ஒன்று, கடுமையான ஓரத்தில் ஒன்று, மழை குறையும் ஓரத்தில் ஒன்று என்று மூன்று வருங்காலங்களை வைத்து, முன்னே எழுதிய எல்லைகள் தாண்டப்படுகின்றனவா என்று பாருங்கள். மூன்றிலும் ஒரே முடிவு வந்தால் மேற்கொண்டு மாதிரிக்குச் செலவழிக்க வேண்டாம். வெவ்வேறு முடிவு வந்தால் அப்போது வல்லுநரை அழையுங்கள். பெரிய முதலீடு என்றால் இதையே விரிவாகச் செய்யலாம். பெரு நாட்டின் லிமா நகர நீர் வாரியம், உலக வங்கி ஆய்வாளர்களோடு சேர்ந்து தன் நீண்டகால முதலீட்டுப் பட்டியலை ஏராளமான வருங்காலங்களில் ஓட்டிப் பார்த்தது. எந்த வருங்காலத்திலும் தேவைப்படும் திட்டங்களை முதலில் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை நிலைமை தெளியும்வரை தள்ளிவைக்கலாம் என்று கண்டறிய அந்த ஆய்வு உதவியது. கனமழைக்கு மட்டும், நாட்டின் வடிவமைப்பு விதிகளில் காலநிலைக் கூட்டுவிகிதம் (காலநிலை மாற்றத்துக்காக மழையளவைக் கூட்டும் விகிதம்) இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லாவிட்டால், ஒரு டிகிரிக்கு 7 விழுக்காடு என்ற இயற்பியல் எண்ணைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, மிகக் குறுகிய நேரப் பெருமழை அதைவிடவும் கூடலாம் என்ற குறிப்போடு, அதன் இருமடங்கிலும் சோதித்துப் பார்ப்பது என் வழக்கம். இது இயற்பியலைச் சார்ந்த நடைமுறை முடிவு, சட்டம் அல்ல.

வங்கியின் படிவத்துக்கு வருவோம். பன்னாட்டு வளர்ச்சி வங்கிகள் ஒரு செலவைத் தகவமைப்பு நிதியாக எண்ண, இடத்தின் பாதிப்பு நிலை என்ன, அதைக் குறைக்கும் நோக்கம் திட்டத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா, எந்தச் செயல் அந்தப் பாதிப்போடு நேரடியாக இணைகிறது என்ற மூன்றையும் கேட்கின்றன. மேலே சொன்ன வரிசையில் வேலை செய்திருந்தால் இவற்றுக்கான பதில் உங்கள் கோப்பிலேயே இருக்கும். அத்தியாயத்தைக் கடைசியில் ஒரு நாளில் எழுதிவிடலாம்.

நான் எழுதியது நீரையும் சாலையையும் சுற்றி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். என் பயிற்சி அங்கேதான். வேளாண்மை, பொது நலவாழ்வுத் திட்டங்களில் எல்லை என்பது கான்கிரீட் மட்டம்போல் தெளிவாக நிற்காது. விதைக்கும் நாளும் கடன் கிடைக்கும் நாளும்கூட அங்கே எல்லைகள்தாம். அத்துறையினரின் பதிலைத் தனியே கேளுங்கள். ஊரையே இடம்பெயர்ப்பது நல்லதா, கரை கட்டிக் காப்பது நல்லதா என்ற கேள்வி எழும் இடங்களில் பொறியாளரின் கணக்கு, பேச்சைத் தொடங்கிவைக்க மட்டுமே உதவும்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. வடிவமைப்பில் எடுத்துக்கொண்ட மழையளவு, கடல்மட்டம், ஒவ்வொரு உறுப்பும் நின்றுபோகும் எல்லை, எந்த அளவைத் தொட்டால் எதை உயர்த்தவேண்டும் என்ற விவரம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, திட்ட அறிக்கையோடு விட்டுவிடாமல், இயக்கிப் பராமரிப்பவரின் கையேட்டில் முதல் பக்கமாக ஒட்டச் சொல்லுங்கள். திட்ட அறிக்கை பணி முடிந்ததும் பரணுக்குப் போய்விடும். இருபது ஆண்டு கழித்து ஒரு மதகை உயர்த்தலாமா என்று யோசிப்பவருக்கு, அதன் அடித்தளம் கூடுதல் உயரத்தைத் தாங்கும் வகையில் போடப்பட்டதா என்பது அந்தப் பக்கத்திலிருந்துதான் தெரியவேண்டும். உங்கள் மூன்று திட்டங்களில் எதற்கு இன்னும் இடம் முடிவாகவில்லை என்று எழுதினால், அதற்கான எல்லைப் பட்டியலை எப்படித் தொடங்குவது என்று மேலும் சொல்ல முயல்கிறேன்.